கையை வலிக்க வைத்த கேம்... மனதில் நின்ற கேம்! ‘மெட்ராய்ட் பிரைம் ஹன்டர்ஸ்’ - ப்ளஸ், மைனஸ்

அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை, நாலு விரலையும் நண்டு மாதிரி வளைத்து போன் திரையில் வைத்துக்கொண்டு பேட்டில்கிரவுண்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் கழித்து போனைக் கீழே வைத்துவிட்டு மணிக்கட்டை உதறினான்.

“வலிக்குதாடா?”

“எல்லாருக்கும் வலிக்கும் மாமா. கேம்னா அப்படித்தான்.”

அவன் பிறப்பதற்கு முன்பே அதே இடத்தில் எனக்கும் வலித்திருக்கிறது. பீரோவின் மேல்தட்டில் துணிப்பையில் சுற்றி வைத்திருந்த நின்டெண்டோ டி.எஸ். கருவியை எடுத்தேன். 2009 கோடை விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா மகன், தான் ஆடி முடித்த பழைய டி.எஸ்.ஸை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே ஒரே ஒரு கேம் கார்டு. ‘மெட்ராய்ட் பிரைம் ஹன்டர்ஸ்’.

கைக்குள் அடங்கும் ஒரு கருவியில் துப்பாக்கிச் சண்டை கேம் எப்படி இருக்க வேண்டும், எப்படி இருக்கக் கூடாது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்த கேம் இது. இன்று போனில் ஆடும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பார்த்துக் கவலைப்படும் பெற்றோருக்கும் இதில் தெரிந்துகொள்ள விஷயம் இருக்கிறது.

முதலில், கதை என்ன?

1986-ல் தொடங்கியது ‘மெட்ராய்ட்’ வரிசை. நாயகி சாமஸ் அரன், விண்வெளியில் கூலிக்கு வேட்டையாடும் வீராங்கனை. முதல் கேமில் தலை முதல் கால் வரை கவசத்தில் வருவார். கடைசியில் கவசத்தைக் கழற்றும்போதுதான், இத்தனை நேரம் நாம் ஆட்டிவைத்தது ஒரு பெண்ணை என்பதே தெரியும். அந்தக் காலத்தில் அது பெரிய ஆச்சரியம்.

‘ஹன்டர்ஸ்’ 2006 மார்ச்சில் அமெரிக்காவில் வெளியானது. உருவாக்கியவர்கள் வாஷிங்டன் மாநிலத்தின் ரெட்மண்டில் உள்ள நின்டெண்டோவின் குழுவினர். அலிம்பிக் என்ற, அழிந்துபோன ஓர் இனத்தின் நட்சத்திரக் கூட்டத்தில் ‘உச்சகட்ட சக்தி’ ஒளிந்திருப்பதாக ஒரு செய்தி பரவுகிறது. அதைத் தேடி சாமஸ் கிளம்புகிறார். அதே செய்தியைக் கேட்டு இன்னும் 6 வேட்டைக்காரர்களும் கிளம்புகிறார்கள். எட்டு ‘ஆக்டோலித்’ கற்களை யார் முதலில் சேர்ப்பது என்பதுதான் போட்டி.

ப்ளஸ் 1: திரையைத் தொட்டுக் குறி பார்ப்பது

டி.எஸ்.ஸுக்கு இரண்டு திரைகள். மேல் திரையில் சாமஸின் பார்வை. கீழ் திரை தொடுதிரை. அதில் ஸ்டைலஸ் என்ற சின்ன பிளாஸ்டிக் குச்சியை நகர்த்தினால் துப்பாக்கியின் குறி நகரும். இரண்டு முறை தட்டினால் சாமஸ் குதிப்பார். இடது கட்டைவிரலால் நடக்க வேண்டும். இடது ஆள்காட்டி விரலால் சுட வேண்டும்.

அந்நாளில் கையடக்கக் கருவிகளில் சுடும் கேம் என்றாலே சங்கடம். பட்டனை அழுத்தி அழுத்திக் குறியை நகர்த்துவதற்குள் எதிரி நம்மை முடித்துவிடுவான். ஹன்டர்ஸில் கம்ப்யூட்டர் மவுஸ் போலவே குறி பார்க்க முடிந்தது. இன்று போனில் விரலை இழுத்துக் குறி பார்க்கிறார்களே, ஏறக்குறைய அதேதான். முதல் ஐபோன் வருவதற்கு ஒரு வருடம் முன்பே இது நடந்தது.

ப்ளஸ் 2: சின்னப் பெட்டிக்குள் பெரிய உலகம்

டி.எஸ்.ஸின் ராம் வெறும் 4 எம்.பி. காலையில் வாட்ஸ்அப்பில் வரும் ‘குட் மார்னிங்’ வீடியோ ஒன்றே அதைவிடப் பெரிதாக இருக்கும். அந்த இடத்துக்குள் எரிமலைக் குழம்பு ஓடும் அலினோஸ், பனி மூடிய ஆர்க்டெரா, விண்வெளியில் மிதக்கும் பழைய ஆவணக் காப்பகம் என்று முப்பரிமாண உலகத்தையே அடைத்திருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் உருவங்கள் அட்டையில் வெட்டி ஒட்டியது போலக் கரடுமுரடாகத்தான் இருக்கும். ஆனால் ஓடிக்கொண்டே சுடும்போது அதைக் கவனிக்க யாருக்கு நேரம்?

ப்ளஸ் 3: ஏழு பேர், ஏழு குணம்

சண்டையில் ஒருவரைப் போல இன்னொருவர் இல்லை. சாமஸ் உருண்டையாகச் சுருண்டு ஓடுவார். பாறை உடம்புக்காரனான ஸ்பையர் எரிமலைக் குழம்பில் கால் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. டிரேஸ், தொலைதூரத் துப்பாக்கியோடு அசையாமல் நின்றால் கண்ணுக்கே தெரிய மாட்டான். நாக்ஸஸ் எதிரியைப் பனிக்கட்டியாக உறைய வைப்பான். வீவல் தன் உடம்பையே இரண்டாகப் பிரிப்பான். கீழ்பாதி ஓரிடத்தில் நின்று சுடும், மேல்பாதி எதிரியைத் துரத்தும். சைலக்ஸின் ஆயுதம் எதிரியின் உயிரை உறிஞ்சித் தன் உயிரோடு சேர்த்துக்கொள்ளும்.

நாலு பேர் வரை சேர்ந்து ஆடலாம். ஒரே ஒரு கார்டு இருந்தால்கூடப் போதும். வசதிகள் குறைவுதான் என்றாலும், பக்கத்தில் இருப்பவரின் டி.எஸ்.ஸுக்கு கேமை அனுப்பி அவரையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்தக் கோடையில் சித்தப்பா மகன் தன் புது டி.எஸ்.ஸோடு எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வந்ததற்குக் காரணமே அதுதான். இரண்டு பேர், ஒரு கார்டு. இன்று ஒவ்வொருவரும் தனித்தனியாக டவுன்லோடு செய்து, தனித்தனியாகக் காசு கட்டும்போது, அந்தப் பெருந்தன்மை நினைவுக்கு வருகிறது.

மைனஸ் 1: அதே தொடுதிரை, அதே கை

பெரிய பலம் என்று சொன்னேனே, அங்கேயேதான் பெரிய பலவீனமும். வலது கை குச்சியைப் பிடித்திருப்பதால், 275 கிராம் எடையுள்ள கருவி முழுவதையும் இடது கை மட்டுமே தாங்க வேண்டும். அந்தக் கையின் கட்டைவிரல் நடக்கிறது, ஆள்காட்டி விரல் சுடுகிறது, மீதி மூன்று விரல்கள் எடை தாங்குகின்றன. இருபது நிமிடத்தில் உள்ளங்கை பிடித்துக்கொள்ளும். இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்குத் தனி அமைப்பு இருந்தது. ஆனால் வலி கை மாறியதே தவிர, குறையவில்லை.

நின்டெண்டோவின் கையேடுகளில் ஒரு எச்சரிக்கை இருக்கும்: தேவையில்லை என்று தோன்றினாலும், ஒவ்வொரு மணி நேரமும் 10 முதல் 15 நிமிடம் ஓய்வெடுங்கள். அன்று அதைப் படிக்காமல் பக்கத்தைத் திருப்பியவன் நான். இன்று அக்கா மகனிடம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மைனஸ் 2: அரைத்த மாவையே அரைப்பது

தனியாக ஆடும் கதைப் பகுதியில், ஒவ்வொரு கல்லையும் ஒரு காவலன் காக்கிறான். எட்டுக் கல்லுக்கு எட்டு விதமான காவலர்கள் இருப்பார்கள் என்று எதிர்பார்ப்போம் இல்லையா? இருப்பது இரண்டே வகை. ஆளுக்கு நாலு முறை, கொஞ்சம் கொஞ்சம் மாற்றத்தோடு திரும்பத் திரும்ப வருகிறார்கள். கல்லை எடுத்ததும் நேரக் கணக்கு ஓட ஆரம்பிக்கும். வந்த வழியே கப்பலுக்கு ஓட வேண்டும். முதல் முறை இதயம் படபடக்கும். ஐந்தாவது முறை கொட்டாவி வரும்.

ஒரு நல்ல யோசனை மட்டும் இங்கே உண்டு. வழியில் எதிர் வேட்டைக்காரனிடம் தோற்றால், அவன் நம் கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அவனைத் தேடிப் பிடித்துத்தான் மீட்க வேண்டும். அந்தக் கோபத்தில் நான் இரவு பன்னிரண்டு மணி வரை விழித்திருந்திருக்கிறேன்.

மைனஸ் 3: மூடிய கதவு

கேமைக் காட்டியபோது அக்கா மகன் கேட்ட முதல் கேள்வி: “ஆன்லைன் எங்கே மாமா?”

மெனுவில் இருக்கிறது. 2005-ல் வர வேண்டிய இந்த கேமை 2006-க்குத் தள்ளி வைத்ததே ஆன்லைன் வசதியைச் சேர்ப்பதற்காகத்தான். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரோடும் மோதலாம். சண்டைக்கு முன்னும் பின்னும் நண்பர்களோடு குரலில் பேசலாம். 2006-ல், கையில் பிடிக்கும் கருவியில், அது பெரிய விஷயம். கதைப் பகுதி சுமார் என்றவர்கள்கூட ஆன்லைனுக்காகவே இதைக் கொண்டாடினார்கள்.

2014 மே 20-ம் தேதி, டி.எஸ். மற்றும் வீ கருவிகளுக்கான ஆன்லைன் சேவையை நின்டெண்டோ நிறுத்தியது. இன்று அந்த மெனுவை அழுத்தினால், இணைய முடியவில்லை என்ற செய்திதான் வரும். ரசிகர்கள் சிலர் சொந்த முயற்சியில் மாற்று சர்வர்களை நடத்துகிறார்கள். ஆனால் பெட்டியைத் திறந்ததும் கிடைத்த கதவு மூடிவிட்டது.

“அப்போ காசு கொடுத்து வாங்கினவங்க?” என்றான்.

அவனுக்கே இதில் அனுபவம் உண்டு. 2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தது. அக்டோபர் இறுதியில் இங்கே சர்வரும் நின்றது. சட்டை, துப்பாக்கி பெயின்ட் என்று அப்பா காசில் வாங்கிய எதையும் தொட முடியாமல் அன்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். அடுத்த ஆண்டு புதுப் பெயரில் கேம் வந்தபோது, பழைய கணக்கை மாற்றிக்கொள்ளக் கொஞ்ச காலம் வழி இருந்தது. எல்லா கேமுக்கும் அப்படி அமைவதில்லை.

வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகள்

பிள்ளைகள் ஒரு கேமுக்குக் காசு கேட்டால், “வேண்டாம்” என்றோ “சரி” என்றோ உடனே சொல்ல வேண்டியதில்லை. இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.

1. நெட் இல்லாமல் இதில் எவ்வளவு ஆட முடியும்? சர்வர் நின்றால் என்ன மிஞ்சும்?

2. அரை மணி நேரம் ஆடினால் கை, மணிக்கட்டு, கழுத்து எப்படி இருக்கிறது? வலித்தால் விரல் அமைப்பை மாற்றுங்கள், இடைவெளி விடுங்கள். ‘கேம்னா அப்படித்தான்’ என்று விட்டுவிட வேண்டாம்.

3. வாங்கும் பொருள் ஆட்டத்தை மாற்றுமா, அலங்காரம் மட்டும்தானா?

ஹன்டர்ஸ் முதல் கேள்வியில் பாஸ். காரணம், சர்வர் போன பிறகும் கதை இருக்கிறது, கம்ப்யூட்டர் ஓட்டும் எதிரிகளோடு மோதும் வசதி இருக்கிறது, கார்டு நம் கையில் இருக்கிறது. இரண்டாவதில் ஃபெயில். மூன்றாவது கேள்விக்கே அதில் இடமில்லை. உள்ளே எதையும் விற்கவில்லை.

இந்த கேமில் அறிமுகமான சைலக்ஸ், 2025 டிசம்பரில் வெளியான ‘மெட்ராய்ட் பிரைம் 4: பியாண்ட்’ கேமில் சாமஸின் எதிரியாகத் திரும்ப வந்திருக்கிறான். அதைச் சொன்னதும் அக்கா மகனுக்கு ஆர்வம் வந்துவிட்டது. சைலக்ஸையே தேர்ந்தெடுத்து, கம்ப்யூட்டர் எதிரிகள் மூன்று பேரோடு மோதினான். முதல் ஆட்டத்தில் கடைசி இடம். இரண்டாவதில் மூன்றாம் இடம். பிறகு இடது கையை உதறினான்.

“இதுலயும் வலிக்குது மாமா.”

கருவியை வாங்கி மூடி வைத்தேன். பதினைந்து நிமிடம் கழித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.