கேமை எங்கே வைக்கிறீங்க, பாஸ்?

லேப்டாப்பில் இருக்கிறதே 256 ஜி.பி.தான். விண்டோஸ், காலேஜ் சாஃப்ட்வேர், நாலு படம் ஏற்றியதும் பாதி காலி. புதுசா ஒரு கேம் போடலாம்னு உட்கார்ந்தா, 'இடமில்லை' என்கிறதா? உங்க கவலை நியாயமானதுதான். 2003-ல் கம்ப்யூட்டருக்கு வந்த 'ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி'க்கு ஒரு ஜி.பி. இடம்கூட முழுசாகத் தேவைப்படவில்லை. 2023-ல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' கேட்பதோ 150 ஜி.பி.!

இதற்கு கீழக்கரை பசங்களிடம் ஒரு ரெடிமேட் வழி உண்டு. வளைகுடாவில் வேலை பார்க்கும் காக்காவுக்கு (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒரு மெசேஜ்... 'வரும்போது 2 டி.பி. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிட்டு வாங்க காக்கா!' அதை அனுப்புவதற்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் இதைப் படிச்சிடுங்க. வெயிலில் நின்று சம்பாதித்த காசு அது!

கிட்டங்கியா, கடையா?

கீழக்கரை பழைய துறைமுக ஊர். கிட்டங்கி என்றால் என்ன என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மூட்டை மூட்டையாகச் சரக்கு அங்கே கிடக்கும். ஆனால், வந்தவர் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் பொருள் கடை அலமாரியில்தான் இருக்கணும். ஒவ்வொன்றுக்கும் பையன் கிட்டங்கிக்கு ஓடினால் வியாபாரம் படுத்துடும்.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒரு கிட்டங்கி. உள்ளே சுழலும் தட்டு, அதன் மேல் நகரும் ஊசி. நொடிக்கு 100 முதல் 140 எம்.பி. வரை தரும். பழைய யு.எஸ்.பி. 2.0 துளையில் சொருகினால் அதுவும் 30, 40-க்கு இறங்கிடும். லேப்டாப்புக்குள் இருக்கும் சாட்டா எஸ்.எஸ்.டி. சுமார் 550 எம்.பி. தரும். என்.வி.எம்.இ. வகை என்றால் 3,000-க்கு மேல்!

அதைவிட முக்கியமான மேட்டர் ஒண்ணு. கேம் என்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகள். ஒவ்வொன்றையும் தேடி ஊசி நகர வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் ஊசியே கிடையாது. தேடும் நேரத்தில் நூறு மடங்கு வித்தியாசம்.

எஃப்.பி.எஸ். குறையுமா?

பெரும்பாலும் குறையாது. படத்தை வரைவது கிராஃபிக்ஸ் கார்டு, டிஸ்க் அல்ல. பழைய கேம்கள் லோட் ஆக நேரம் எடுக்கும், அப்புறம் ஜாலியாக ஓடும். சிக்கல், ஓட ஓட ஊரையே டிஸ்க்கிலிருந்து இழுக்கும் ஓப்பன் வேர்ல்டு கேம்களில்தான். கார் போய்ச் சேர்ந்துடும், ரோடு வராது! 2020-ல் ஹார்ட் டிஸ்க்கே போதும் என்ற 'சைபர்பங்க் 2077', 2023-ல் குறைந்தபட்சத் தேவையையே எஸ்.எஸ்.டி. என்று மாற்றியது இதனால்தான். பி.எஸ்.5-லும் இதே கதை. அதற்கென்றே வந்த கேமை யு.எஸ்.பி. டிரைவில் சேமிக்கலாம், அங்கிருந்து ஆட முடியாது. பி.எஸ்.4 கேம் என்றால் ஆடலாம்.

உஷார்!

மெத்தையில் படுத்துக்கொண்டு ஆடும்போது கேபிள் லேசாக அசைந்தாலே கேம் அவுட். ஓடுகிற ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்தால் ஊசி தட்டில் உரசி மொத்தமும் போகலாம். அதே டிஸ்க்கில்தான் லாத்தா கல்யாண வீடியோவும் உங்க ஃபைனல் இயர் புராஜெக்ட்டும் இருக்கா? கேம் போனால் திரும்ப டவுன்லோடு பண்ணிக்கலாம். கல்யாணத்தைத் திரும்ப நடத்த முடியுமா? அந்த டிஸ்க்கில் கேம் ஆடவே ஆடாதீங்க. வீடியோவுக்கும் புராஜெக்ட்டுக்கும் இன்னொரு இடத்தில் காப்பி இருக்கட்டும்.

காக்காவிடம் என்ன கேட்பது?

முதல் சாய்ஸ், லேப்டாப்புக்குள் போடும் எஸ்.எஸ்.டி. உங்க மாடலில் எம்.2 இடம் காலியாக இருக்கா, அது சாட்டாவா என்.வி.எம்.இ.யா என்று முதலில் பாருங்க. பழைய லேப்டாப் என்றால், டி.வி.டி. டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 'கேடி' வைத்து எஸ்.எஸ்.டி. பொருத்தலாம்.

திறக்கவே முடியாத லேப்டாப்பா? எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டி. கேளுங்க. யு.எஸ்.பி. 3.0 துளையில் (பெரும்பாலும் நீல நிறம்) நொடிக்கு 400 எம்.பி.க்கு மேல் வரும். அதில் தாராளமா ஆடலாம். ஃபார்மேட் செய்யும்போது என்.டி.எஃப்.எஸ். போடுங்க, ஃபேட் 32-ல் 4 ஜி.பி.யைத் தாண்டிய ஃபைல் ஏறாது. அந்நாட்டு வாரன்டி இங்கே செல்லுமா என்றும் கேட்கச் சொல்லுங்க.

கையில் ஏற்கெனவே ஹார்ட் டிஸ்க் இருக்கா? வீணில்லை, கிட்டங்கி ஆக்கிடுங்க. ஆடாத கேம் அங்கே, ஆடுகிற கேம் உள்ளே. ஸ்டீமில் கேமை வேறு டிரைவுக்கு மாற்ற வசதி இருக்கு. திரும்ப முழுசா டவுன்லோடு பண்ண வேண்டாம், டேட்டா மிச்சம்!

இப்போ அனுப்புங்க அந்த மெசேஜை... 'ஹார்ட் டிஸ்க்' என்ற வார்த்தையை மட்டும் மாத்திட்டு!