தொட்டபெட்டாவில் ஏன் பனியாறு இல்லை?

குத்தம்பாக்கத்தில் மலை கிடையாது. எங்கள் மாணவர்கள் ஏறிப் பார்த்த மேடு பெரும்பாலும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைதான். அதனால் ‘உயரம் கூடக்கூட வெப்பநிலை குறையும்’ என்பது அவர்களுக்கு மனப்பாட வரியாகவே நின்றுவிடுகிறது. அதைச் சிந்திக்கும் கேள்வியாக மாற்ற, வகுப்பில் நான் இரண்டு சிகரங்களை ஒப்பிடுகிறேன்.

நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஸ்காண்டிநேவியாவின் மிக உயர்ந்த சிகரமான நார்வேயின் கால்ஹோபிக்கன் 2,469 மீட்டர். நம் சிகரமே 168 மீட்டர் உயரம் கூடியது. ஆனால் தொட்டபெட்டாவுக்கு உதகையிலிருந்து சாலை இருக்கிறது. கால்ஹோபிக்கனுக்கு யூவாஸ்ஹித்தா மலைவிடுதி வழியாக ஏறுவோர் கோடையிலும் ஒரு பனியாற்றைக் கடக்க வேண்டும். பனி மூடிய பிளவுகளில் விழுந்துவிடாமலிருக்க, வழிகாட்டியுடன் அனைவரும் ஒரே கயிற்றில் பிணைந்து நடப்பார்கள்.

“உயரம் கூடிய இடத்தில்தானே பனியாறு இருக்க வேண்டும்?” என்று கேட்டால் வகுப்பு விழித்துக்கொள்ளும். விடையை அவர்களே கணக்கிடட்டும். 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். சென்னையில் 30 டிகிரி என்றால் தொட்டபெட்டாவில் ஏறத்தாழ 13 டிகிரி. நார்வேயின் தாழ்நிலத்தில் கோடையில் 16 டிகிரி என்று கொண்டால், கால்ஹோபிக்கன் உச்சியில் பூஜ்ஜியம்! குறையும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். தொடங்கும் வெப்பநிலைதான் வேறு.

தொடக்கம் ஏன் வேறுபடுகிறது? கட்டம் போட்ட தாளும் கைவிளக்கும் போதும். மார்ச் 21 நண்பகலில் சூரியன் சென்னையில் 77 டிகிரி உயரத்திலும், 61 டிகிரி வட அட்சத்திலுள்ள கால்ஹோபிக்கனில் 29 டிகிரி உயரத்திலும் நிற்கும். விளக்கை அந்தக் கோணங்களில் பிடித்து, ஒளி விழும் கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். சாய்வான ஒளி ஏறத்தாழ இரு மடங்கு பரப்பில் பரவும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைக்கும் வெப்பம் பாதியாகும்.

அடுத்து ஸ்வீடனின் கெப்னெகைசே மலையைக் காட்டுங்கள். அதன் தெற்கு உச்சி பனியால் ஆனது. வடக்கு உச்சி பாறை. நாட்டின் மிக உயர்ந்த இடம் என்ற பெயர் தெற்கு உச்சிக்கே இருந்தது. வெப்பம் கூடிப் பனி உருகியதால், 2019 அளவீட்டில் அது வடக்கு உச்சியைவிடத் தாழ்ந்துவிட்டது. மலையின் உயரம் மாறாது என்று நம்பும் மாணவருக்குப் பருவநிலை மாற்றத்தை விளக்க இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ‘நிலவரைபட நூலில் இனி மாறக்கூடிய எண்கள் எவை?’ என்பதை வீட்டுப்பாடமாகக் கொடுத்துப் பாருங்கள்.