விவசாய வானொலி மன்றம்

வானொலி ஒரு திசையில் மட்டுமே பேச வல்ல சாதனம். நிலையத்திலிருந்து புறப்படும் குரல் காடும் மலையும் கடந்து குடிசைக்குள் வந்து சேருமேயன்றி, அதைக் கேட்டவருடைய சந்தேகமோ ஆட்சேபமோ அவ்வழியே திரும்பிச் செல்ல மார்க்கமில்லை. புதிய கருவி எதையும் சேர்க்காமல், தபாலையும் அண்டை அயலாரின் கூட்டத்தையும் துணைகொண்டே அக்குறையை நிவர்த்தி செய்த ஏற்பாடுதான் விவசாய வானொலி மன்றம்.

1941-இல் கனடா தேசத்தில் ஒலிபரப்பு ஸ்தாபனமும், முதியோர் கல்விச் சங்கமும், விவசாயிகள் சம்மேளனமும் ஒன்றுகூடி இதை நாடு முழுவதற்குமாகத் தொடங்கின. திங்கட்கிழமை இரவுகளில் ஒரு குடியானவர் வீட்டில் அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். அன்றைய விஷயத்தைப் பற்றிய பிரசுரம் முன்னதாகவே தபாலில் வந்திருக்கும். அரைமணி நேர ஒலிபரப்பு முடிந்ததும் பெட்டியை நிறுத்திவிட்டு, பிரசுரத்தில் கண்ட வினாக்களை ஒவ்வொன்றாக எடுத்து விவாதித்து, கண்ட முடிவுகளைக் காரியதரிசியைக் கொண்டு எழுதுவித்து மாகாண அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே திரட்டப்பட்ட அபிப்பிராயங்களின் சாரம் பின்னர் வானொலியிலேயே சொல்லப்பட்டமையால், ஒருவரையொருவர் கண்டறியாத கிராமத்தார் ஒரே விவாதத்தில் பங்குகொண்டவர்களானார்கள்.

யுனெஸ்கோவின் ஆதரவோடு 1956-இல் அகில இந்திய வானொலியின் புனா நிலையம், மராத்தி வழங்கும் ஐந்து ஜில்லாக்களைச் சேர்ந்த 150 கிராமங்களில் இம்முறையைப் பரீட்சித்தது. வாரம் இருமுறையாக 20 நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. எழுத்தறிந்தவரும் அறியாதவரும் ஒரே மன்றத்தில் அமர்ந்து கேட்டு, பேசி, தம் கேள்விகளை அமைப்பாளர் வாயிலாகப் புனாவுக்கு அனுப்ப, அவற்றுக்குரிய விடைகள் வானொலியில் வந்தன.

இதன் பலனை டாடா சமூக விஞ்ஞானக் கழகத்தின் சார்பில் பால் நியூராத் என்னும் சமூகவியலறிஞர் ஆராய்ந்தார். மன்றம் அமைந்த ஊர், வானொலி மட்டும் உள்ள ஊர், இரண்டும் இல்லாத ஊர் எனப் பிரித்துக்கொண்டு, தொடக்கத்திலும் முடிவிலும் ஜனங்களை வினவி ஒப்பிட்டபோது, மன்ற கிராமங்களில் விஷயஞானம் வெகுவாகப் பெருகியிருக்க, வானொலி மட்டும் இருந்த ஊர்களிலோ அப்பெருக்கம் சொற்பமாகவே இருந்தது. பெட்டி இரு வகை ஊர்களுக்கும் பொதுவாதலால், வித்தியாசத்தை விளைவித்தது கேட்டதை உடனிருந்து விவாதித்த பழக்கமே என்பது தெளிவு. 1959-இல் இத்திட்டம் தேசமெங்கும் விஸ்தரிக்கப்பட்டது.

ஆகவே, தொலைவிலிருந்து கற்பிக்கும் சாதனம் எதுவாயினும், அதன் குரல் எத்தனை தூரம் எட்டுகிறது என்று அளப்பதோடு நில்லாமல், கேட்டவர்களிடையே அது விவாதத்தை எழுப்புகிறதா, அவ்விவாதம் சொன்னவர் செவிக்குத் திரும்ப வழி வைத்திருக்கிறதா என்பதையும் ஆராய்வதே முறையாகும்.