நுனி பார்த்து வாங்குங்கள்

புசா ரோட்டில் மெட்ரோ பாலத்தை விட்டு விலகி கரோல்பாக் பக்கம் உள்ளே நுழையும் சந்து ஒன்றில், வேப்பமரத்தில் ஆணி அடித்துக் கண்ணாடி மாட்டி, கை வைத்த மர நாற்காலி ஒன்றைப் போட்டுச் சவரம் செய்கிறார் ஒரு பெரியவர். முப்பது வருடமாக அதே மரம், அதே நாற்காலி. நான் அவரை சாச்சா என்றுதான் கூப்பிடுவேன். போன குளிர்காலத்தில் ஒருநாள், புதிதாக வாங்கிய ஷேவிங் பிரஷ்ஷைப் பெருமையோடு அவரிடம் நீட்டினேன். பெட்டியின் மேல் பொன் எழுத்தில் ‘சில்வர்டிப் பேட்ஜர்’ என்று போட்டிருந்தது. விலை ஆறாயிரத்துச் சொச்சம்.

அவர் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிரஷ்ஷை நனைக்காமலே தன் புறங்கையில் மூன்று முறை குத்தினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முடியின் முனையை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். “நுனியை வெட்டியிருக்கிறான், பேட்டா. இந்த வெள்ளையும் பிறவி வெள்ளை இல்லை, வெளுத்தது” என்றார்.

வீட்டுக்கு வந்து மகளின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே சரி. ஒவ்வொரு முடியும் கத்தரித்த விளக்குமாற்றுக் குச்சி மாதிரி மொட்டையாக நின்றது. கறுப்பும் வெள்ளையும் சேரும் இடத்தில் கோடு கிழித்தது போல ஒரு வெட்டு. இயற்கை நிறம் அப்படி மாறாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துதான் மாறும். அந்த முடி முள்ளாகக் குத்தியதைவிட, பெட்டியில் இருந்த ஒரு சொல்லை நம்பிப் பணம் கொடுத்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது. அன்று தொடங்கி இந்தப் பிரஷ் விஷயத்தைத் துருவ ஆரம்பித்தேன்.

பேட்ஜர் என்பது வளைக்கரடி. கரடி இனம் இல்லை, கீரியைவிடக் கனமான, மண்ணைத் தோண்டி வளையில் வாழும் பிராணி. ஷேவிங் பிரஷ்ஷுக்கு இன்று வரும் வளைக்கரடி முடியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. பிரிட்டனில் 1777-ல் தொடங்கிய கென்ட், பிரான்சில் 1808-ல் தொடங்கிய பிளிசான் என்று இருநூறு வருடம் தாண்டிய பெயர்கள் இந்தத் தொழிலில் இருக்கின்றன.

அந்த முடிக்கு ஏன் இத்தனை மவுசு? ஒரு முடியை உருவி எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். அடியில் மெல்லியது, நடுவில் தடித்தது, நுனியில் மறுபடி ஊசிபோல் கூர்ந்து போவது. நடுத்தடிமன் விறைப்பைக் கொடுக்கிறது, கூர்நுனி மென்மையைக் கொடுக்கிறது. அடி மெலிந்திருப்பதால் முடிகளுக்கு இடையே இடம் கிடைத்து வெந்நீர் அங்கே தங்குகிறது. கன்னத்தில் அழுத்தினால் அந்தச் சூட்டோடு நுரை வெளியே வருகிறது.

இதைத்தான் தரம் தரமாகப் பிரிக்கிறார்கள். ‘ப்யூர்’ என்பது அடித்தட்டு. வயிறு முதலான பகுதிகளில் கிடைக்கும் முரட்டு முடி, பெரும்பாலும் கறுத்திருக்கும், பல சமயம் நுனியை வெட்டி வடிவம் கொடுத்திருப்பார்கள். ‘பெஸ்ட்’ அதைவிட மெல்லியது, நீளமானது, நுனியில் வெளிறல் தெரியும். அதற்கு மேல் ‘சூப்பர்’. உச்சியில் ‘சில்வர்டிப்’: நீண்ட கறுப்புப் பட்டைக்கு மேல் இயற்கையாகவே பால் நிறத்தில் முடியும் நுனி. பிரஷ் விரிந்தால் பூ மலர்ந்த மாதிரி இருக்கும். ‘டூ பேண்ட்’ என்று இன்னொன்று. கறுப்பும் வெள்ளையுமாக இரண்டே பட்டை தெரியும், முடி தடித்து முதுகெலும்பு உள்ளது போல் நிற்கும்.

கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பெயர்களுக்கு உலகப் பொதுவான வரையறை கிடையாது. ஒரு தயாரிப்பாளரின் ‘பெஸ்ட்’ இன்னொருவரின் ‘சூப்பர்’. சில நிறுவனங்கள் நேர்மையாகத் தங்கள் பிரிவுகளைத் தாங்களே கட்டிக் காக்கின்றன, அது அவர்களின் மனசாட்சி. சில பேர் பெட்டியில் எழுதிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

இதை நான் புசா ரோட்டில் உட்கார்ந்து எழுதுவதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இந்த ரோட்டுக்குப் பெயர் கொடுத்தது இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். 1905-ல் பீகாரின் புசாவில் தொடங்கியது, 1934 பூகம்பத்தில் கட்டடம் சேதமாகி, 1936-ல் டெல்லிக்கு வந்தது, ஊர்ப்பெயரையும் கூடவே கொண்டுவந்தது. அங்கே பிறந்ததுதான் புசா பாசுமதி 1121, நீளத்துக்கே பேர்போன அரிசி. இன்று பாசுமதி என்று பையில் எழுத வேண்டுமானால் அரிசியின் சராசரி நீளம், வெந்த பிறகு நீளும் விகிதம், ஈரப்பதம் எல்லாவற்றுக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் அறிவித்த அளவுகள் இருக்கின்றன. ஒரு சோற்றுப் பருக்கைக்கு இத்தனை கணக்கு.

சரி, அது சாப்பாடு என்பீர்கள். முடிக்கும் நம் நாட்டில் கணக்கு இருந்தது. 1937-ம் வருட வேளாண் விளைபொருள் தரப்படுத்தல் சட்டம்தான் அக்மார்க் முத்திரையின் தாய். நெய்க்கும் தேனுக்கும் மட்டும் அது வந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஏற்றுமதிக்குப் போகும் கம்பளிக்கும் ஆட்டு முடிக்கும் பன்றி முடிக்கும்கூட அக்மார்க் தரம் பிரிப்பது கட்டாயமாக இருந்தது. பன்றி முடியை நிறம் பார்த்து, நீளம் அளந்து, கட்டுக்கட்டாகப் பிரித்து முத்திரையிட்டுத்தான் கப்பலேற்ற முடிந்தது. முகம் சுளித்து ஒதுக்கப்படுகிற பன்றியின் முடிக்கு அரசாங்க முத்திரை. பொன்னெழுத்துப் பெட்டியில் வரும் வளைக்கரடி முடிக்கு விற்பவரின் வாய்ச்சொல். இதைப் படித்த அன்று எனக்கு அப்பாவின் பிரஷ் ஞாபகத்துக்கு வந்தது.

அப்பா 1961-ல் அரசாங்க வேலைக்கு டெல்லி வந்தவர். கரோல்பாக் மாடி அறையில், ஜன்னல் கம்பியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துச் சவரம் செய்வார். மரப்பிடி, பன்றி முடி, வட்டமான கெட்டி சோப்பு. “புது பிரஷ் முதல் மாசம் முள்ளு, அப்புறம் பூ” என்பார். அது வெறும் பேச்சில்லை. பன்றி முடியின் நுனி, நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து, இரண்டு மூன்றாகப் பிளந்துகொள்ளும். பிளந்த நுனிகள் சேர்ந்து பஞ்சு மாதிரி ஆகிவிடும், தண்டு மட்டும் விறைப்பாகவே இருக்கும். பழக்கினால் பழகும் முடி அது. வளைக்கரடி முடி அப்படியில்லை. பிறவியில் கூராக இருந்தால்தான் மென்மை. வெட்டிவிட்டால் எத்தனை வருடம் தேய்த்தாலும் திரும்பாது.

தரம் சொல்வதில் பொய் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கொடுமையான வரலாறு இருக்கிறது. முதல் உலகப் போர் வரைக்கும் சைபீரியா, சீனா பக்கத்துக் குதிரை முடி ஜெர்மனிக்குப் போய், அங்கே கிருமி நீக்கிப் பிரித்து, மற்ற நாடுகளுக்குப் போகும். போரில் அந்த வழி அடைபட்டது. முடி ஜப்பான் வழியாக நேரே வந்தது. கிருமி நீக்கும் படி விட்டுப்போயிற்று. வளைக்கரடி முடிக்குத் தட்டுப்பாடு வேறு. குதிரை முடிக்கு நடுவில் கறுப்புப் பட்டை தீட்டி, வளைக்கரடி மாதிரியே பிரஷ் செய்து விற்றார்கள். அந்த முடிக்குள் ஆந்த்ராக்ஸ் நுண்வித்துகள் உயிரோடு இருந்தன. பிளேடு கீறிய இடத்தில் அவை இறங்கின. 1915-க்கும் 1924-க்கும் இடையில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ராணுவ வீரர்களும் சாதாரண ஜனங்களுமாக இருநூறுக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது, பலர் இறந்தார்கள். 1920-ல் பிரிட்டன் ஜப்பானிய ஷேவிங் பிரஷ் இறக்குமதிக்கே தடை போட்டது. மலிவாக இருந்ததால் மட்டும் அவர்கள் சாகவில்லை. இன்னது என்று சொல்லி வேறொன்றைக் கையில் கொடுத்ததால் செத்தார்கள். இன்றைய பிரஷ்ஷில் அந்தப் பயம் இல்லை. ஆனாலும் கடையில் ‘ஒரிஜினல் பேட்ஜர்’ என்று யாராவது அழுத்திச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தத் தீட்டிய கறுப்புப் பட்டை கண்முன் வருகிறது.

ஆகவே பெயரை விட்டுவிட்டு நுனியைப் பாருங்கள். நல்ல பிரஷ் கட்டுகிறவர் முடியைத் தலைகீழாக, நுனி கீழே போகும்படி, கிண்ணம் போன்ற அச்சில் போட்டுத் தட்டுவார். நுனிகள் கிண்ணத்தின் வளைவில் தாமாகப் படியும். அடிப்பக்கத்தை நூலால் கட்டிப் பசை ஊற்றி, வேர்முனையைத்தான் வெட்டுவார். மேலே தெரியும் குமிழ் வடிவம் கத்தரி படாமல் வந்தது. அவசர வேலையில் எப்படியோ கட்டிவிட்டு மேலே செதுக்கிவிடுகிறார்கள். இதைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடிகூடத் தேவையில்லை. உலர்ந்த பிரஷ்ஷைக் கழுத்தில், காதுக்குக் கீழே, மெல்லக் குத்திப் பாருங்கள். புறங்கை தடித்த தோல், அது சாச்சா மாதிரி கைப்பழக்கம் உள்ளவருக்குத்தான் பேசும். கழுத்து எல்லோருக்கும் பேசும்.

அடுத்தது, நீங்கள் எந்த சோப்பு போடுகிறீர்கள்? டியூப் க்ரீம் என்றால் மென்மையான சில்வர்டிப்பே போதும், சுற்றினாலே நுரை வரும். கெட்டி சோப்பைக் கரைக்க முதுகெலும்பு வேண்டும், அதற்கு ‘பெஸ்ட்’ அல்லது நன்றாகப் பழகிய பன்றி முடி. சில்வர்டிப்பைக் கெட்டி சோப்பில் அழுத்தித் தேய்க்கிறவர்கள், முடி நடுவில் படுத்துப்போய் பிரஷ் பிளந்துகொள்வதைப் பார்க்கிறார்கள். உச்சத் தரத்துக்கு ஆசைப்பட்டு வாங்கியவர்களிடம்தான் இந்தப் புகார் அதிகம். என் கணிப்பில், பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு ‘பெஸ்ட்’டுக்கு மேல் போக வேண்டிய அவசியமே இல்லை. தோல் சீக்கிரம் சிவப்பவர்கள், கழுத்தில் முடி உள்வளர்ந்து கட்டி வருகிறவர்கள் மட்டும் மேல்தரத்தை யோசிக்கலாம்.

தண்ணீரை மறந்துவிடக் கூடாது. டெல்லியில் போர்வெல் தண்ணி வரும் வீடுகளில் எந்தத் தரமும் எடுபடாது. அந்த நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத அழுக்காகத் திரிகின்றன. நுரை எழும் முன்பே அடங்கிவிடும், அந்த அழுக்கு பிரஷ்ஷின் அடியில் போய்ப் படிந்து முடியை உடைக்கும். ஒரு டம்ளர் வடிகட்டிய நீரைச் சூடாக்கிச் சவரத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டு பாருங்கள், ஐந்நூறு ரூபாய் பிரஷ்ஷே ராஜா மாதிரி வேலை செய்யும். மாதம் ஒருமுறை கொஞ்சம் வினிகர் கலந்த நீரில் அலசினால் படிந்தது விட்டுவிடும். கொதிக்கும் நீர் மட்டும் வேண்டாம், பசையும் போகும் முடியும் போகும். தொங்கவிடுவதா, நிமிர்த்தி வைப்பதா என்று பெரிய வாக்குவாதம் உண்டு. காற்று பட்டால் போதும், எப்படி வைத்தாலும் சரி. மூடிய டப்பாவுக்குள் ஈரத்தோடு போடுவதுதான் பாவம்.

இத்தனையும் சொன்ன பிறகு, அந்த முடி எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பிரிட்டனில் வளைக்கரடியைக் கொல்வதும் துன்புறுத்துவதும் 1992 சட்டப்படி குற்றம். சீனத்துப் பண்ணைகளில் கூண்டில் அடைத்து வளர்த்துக் கொல்லும் காட்சிகளை 2018-ல் விலங்குரிமை அமைப்பான பீட்டா வெளியிட்ட பிறகு, ஷேவிங் பொருள்களுக்கென்றே கடைகள் வைத்திருந்த ‘தி ஆர்ட் ஆஃப் ஷேவிங்’ வளைக்கரடி முடியைக் கைவிட்டது. நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. உத்தரப் பிரதேசத்தில் பிஜ்னோர் மாவட்டத்து ஷேர்கோட், பிரஷ் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே ஓவியத் தூரிகைக்காகக் கீரி முடி புழங்கியது. ஒரு கிலோ முடிக்குக் குறைந்தது 50 கீரிகள் சாக வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-ல் கீரிக்குக் கூடுதல் பாதுகாப்பு வந்த பிறகும் வியாபாரம் நிற்கவில்லை. 2019-ல் ‘ஆபரேஷன் க்ளீன் ஆர்ட்’ என்று பெயரிட்டு, ஷேர்கோட்டிலும் வேறு பல ஊர்களிலும் ஒரே நேரத்தில் சோதனை போட்டு, பல்லாயிரம் தூரிகைகளைப் பிடித்தார்கள். படம் வரையும் என் நண்பர்கள் சிலர் அதற்குப் பிறகுதான் தங்கள் கையில் இருந்தது என்ன என்றே தெரிந்துகொண்டார்கள். பிள்ளை என்று சேர்த்துக் கூப்பிடுகிறோமே, கீரிப்பிள்ளை, அதைத்தான் காம்பில் கட்டி விற்றிருக்கிறார்கள்.

வீட்டில் ஏற்கெனவே வளைக்கரடி பிரஷ் இருந்தால் அதைத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். ஒழுங்காக அலசி உலர்த்தினால் பத்து, பதினைந்து வருடம் உழைக்கும், அப்படி உழைக்க வைப்பதுதான் அந்த உயிருக்கு மரியாதை. புதிதாக வாங்குகிறவர்கள் செயற்கை இழையைப் பார்க்க வேண்டும் என்பது என் திடமான எண்ணம். பழைய நைலான் பிரஷ் தந்த கசப்பை மறந்துவிடுங்கள். இப்போது வரும் இழைகளை நுனி கூராகவே இழுத்து எடுக்கிறார்கள். ஊறவைக்க வேண்டாம், சீக்கிரம் உலரும், முதல் நாள் வரும் மிருக வாடை கிடையாது. தண்ணீரை அதிகம் பிடித்துவைக்காது என்பது உண்மை. அதனால் சோப்பைக் கொஞ்சம் கூட எடுத்து, நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். நாலு நாளில் கை பழகிவிடும்.

போன மாதம் அப்படி ஒன்றை, எண்ணூறு ரூபாய்க்கு வாங்கியதை, வேப்பமரத்தடிக்குக் கொண்டு போனேன். சாச்சா வழக்கம்போலப் புறங்கையில் மூன்று முறை குத்தினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வெயிலில் சாய்த்தார்.

“இது எந்த ஜானவர், எந்த மிருகம்?”

“ஜானவர் இல்லை சாச்சா, நூல்.”

அவர் நம்பவில்லை. ஒரு முடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. பித்தளைக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, துண்டை என் கழுத்தில் சுற்றி, அதிலேயே நுரை போட ஆரம்பித்தார்.