வலி வரும் முன் ஒரு பல் மருத்துவர்

தறியில் பாவு இழை ஒன்று அறுந்துவிட்டால் நெசவாளர் அதை நாளைக்கு என்று விடுவதில்லை. அங்கேயே கையை நிறுத்தி, அறுந்த இழையைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்ட பிறகுதான் அடுத்த ஊடையை ஓட்டுவார். விட்டால் சேலையில் கோடு விழும், கூலியில் பிடித்தம் வரும். ஆரணிக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடைப்பட்ட வெம்பாக்கம் வட்டாரத்தில் தறி உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும்.

அதே வீட்டில் யாருக்காவது கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு புள்ளி விழுந்தால் யாரும் கையை நிறுத்துவதில்லை. "பல்தானே, பார்த்துக்கலாம்" என்கிறோம். ஆறு மாதம் போகிறது. ஒரு நாள் நள்ளிரவில் வலி மண்டையைப் பிளக்கிறது. கிராம்பை வைத்துக் கடிக்கிறோம். விடிந்ததும் மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை. அதுவும் கேட்காதபோது, பேருந்தில் ஏறி, கண்ணில் படும் முதல் கிளினிக்கில் நுழைந்து, "பிடுங்கிடுங்க" என்கிறோம். மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுமை அந்த வலிக்கு இருப்பதில்லை. அதனால்தான் குடும்பத்துக்கென ஒரு பல் மருத்துவரை வலி இல்லாத நாளிலேயே தேடி வைக்க வேண்டும்.

புள்ளியிலிருந்து பழுது வரை

பல்லின் வெளி ஓடான எனாமலுக்கு நரம்பு கிடையாது. சொத்தை அங்கே இருக்கும்வரை வலியும் கிடையாது. அந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் போனால் ஒரே முறையில் அடைத்து அனுப்பிவிடுவார். உள் அடுக்கான டென்டினுக்குச் சொத்தை இறங்கும்போதுதான் இனிப்பும் குளிர்ச்சியும் கூசும். அப்போதும் பெரும்பாலும் அடைப்பே போதும். அதையும் தாண்டி, நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் பல் கூழைத் தொட்டுவிட்டால் படுத்ததும் வலி கூடும், தூக்கம் போகும். இனி ரூட் கேனல் எனப்படும் வேர் சிகிச்சையும் அதன்மேல் ஒரு கேப்பும் தேவைப்படும். பல் மிச்சமில்லாமல் சிதைந்திருந்தால் பிடுங்குவதுதான் வழி.

ஒவ்வொரு படி இறங்கும்போதும் செலவு பல மடங்கு ஏறுகிறது, போக வேண்டிய நாட்களும் கூடுகின்றன. தறியில் உட்காராத நாளுக்குக் கூலி இல்லாத குடும்பத்துக்கு அந்த நாட்களும் செலவுதான். கிராம்பிலுள்ள யூஜெனால் நரம்பைச் சற்று மரத்துப்போகச் செய்யும், சொத்தையை நிறுத்தாது. வலி மாத்திரையும் அப்படித்தான். ஆன்டிபயாடிக்கைத் தாமாக வாங்கி விழுங்குவது அதைவிடத் தவறு. பழுதான பல் கூழை எந்த மாத்திரையும் சரிசெய்யாது. மாத்திரையை ஈறில் வைத்து அடக்கிக்கொண்டால் அந்த இடம் வெந்து புண்ணாகும்.

ஒரு எச்சரிக்கை. கீழ்த்தாடைக்கு அடியில் வீக்கம் பரவி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் அது பல் வலி என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. கிளினிக் திறக்கும் நேரத்துக்குக் காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

யார் குடும்பப் பல் மருத்துவர்?

பி.டி.எஸ். என்பது நான்கு ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் கொண்ட பட்டம். எம்.டி.எஸ். என்பது அதற்குமேல் மூன்று ஆண்டுகள் ஒரு தனித்துறையில் படிப்பது: வேர் சிகிச்சை, ஈறு, குழந்தைகள் பல், பல் சீரமைப்பு, தாடை அறுவை எனப் பல துறைகள் உண்டு. குடும்பப் பல் மருத்துவருக்கு எம்.டி.எஸ். கட்டாயம் இல்லை. தாத்தாவின் பல் செட், அம்மாவின் ஈறு, பேரனின் பால் பல் மூன்றையும் பார்க்கத் தெரிந்தவராக, தன்னால் முடியாததை உரிய நிபுணரிடம் தயங்காமல் அனுப்புபவராக இருந்தால் போதும். முழுமையான சிகிச்சை என்பதற்கு எல்லாவற்றையும் ஒருவரே செய்வது என்று பொருளில்லை. உங்கள் வாயின் முழுக் கணக்கும் ஒருவர் கையில் இருப்பதுதான் அது.

1948ஆம் ஆண்டு பல் மருத்துவர் சட்டம் வந்ததிலிருந்து நம் நாட்டில் பல் மருத்துவர்கள் பதிவு செய்துகொண்டே தொழில் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் அந்தப் பதிவேடு மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலிடம் இருக்கிறது. பெயர்ப் பலகையிலோ மருந்துச் சீட்டிலோ பதிவு எண்ணைத் தேடுங்கள். இல்லையென்றால் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பரம்பரையாகப் பல் கட்டுபவர், சாலையோரம் பல் செட் செய்பவர், மருத்துவரிடம் உதவியாளராக இருந்து தனியே கடை போட்டவர் யாரும் பல் மருத்துவர் ஆகமாட்டார்கள்.

முதல் நாளில் கவனிக்க வேண்டியவை

நல்ல மருத்துவர் உங்கள் வாயைத் திறக்கச் சொல்லும் முன் தாமே கேள்வி கேட்பார். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, இதயத்துக்கோ ரத்தம் உறையாமல் இருப்பதற்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, பெண்களிடம் கர்ப்பமா என்று கேட்பார். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக வளரும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையைப் பல் பிடுங்குவதற்காக நாமாக நிறுத்தக் கூடாது. அதைத் தந்த மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோவது எளிய வழி.

அடுத்து, வலிக்கும் பல்லை மட்டும் பார்க்கிறாரா, வாய் முழுவதும் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். நாக்கைத் தூக்கி, கன்னத்தின் உட்புறத்தை விலக்கிப் பார்ப்பவர் புற்றுநோய்க்கும் சேர்த்துக் காவல் இருக்கிறார். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களும் பீடி பிடிப்பவர்களும் உள்ள குடும்பத்துக்கு இது மிக முக்கியம். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தாலும், வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

மூன்றாவது, வழிகளைச் சொல்கிறாரா? "இந்தப் பல்லைக் காப்பாற்றலாம், இவ்வளவு ஆகும், இத்தனை முறை வர வேண்டும். பிடுங்கினால் செலவு குறைவு, ஆனால் பக்கத்துப் பல் சாயும்" என்று இரண்டு பக்கமும் சொல்லி, எக்ஸ்ரேவை உங்களுக்கும் காட்டி, செலவை எழுதித் தருபவரை நம்பலாம். வந்த முதல் நாளே பத்துப் பல்லுக்கு வேலை சொல்லி, இன்றே முன்பணம் கட்டச் சொன்னால், வலி தீர மட்டும் சிகிச்சை எடுத்துக்கொண்டு மற்றதற்கு இன்னொருவரிடம் கருத்துக் கேளுங்கள்.

வாணியம்பாடி சொல்லும் பாடம்

கருவிகளின் தூய்மை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் பக்கத்து மாவட்டமே பார்த்திருக்கிறது. 2023ஆம் ஆண்டில் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களுக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று வந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தினரும் இதை ஆராய்ந்தனர். அந்த முடிவுகள் 2025ஆம் ஆண்டு வெளிவந்தன. அந்தக் கிளினிக்கோடு தொடர்புடைய 10 பேரில் 8 பேர் இறந்தனர். ஒருமுறை திறந்த சலைன் பாட்டிலைத் தளர்வாக மூடி வைத்து, பலருக்கும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதை அந்த ஆய்வு சுட்டிக்காட்டியது.

பல் மருத்துவரிடமே போகக் கூடாது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. பார்த்துப் போக வேண்டும் என்பதே பாடம். கருவிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் எல்லாக் கிருமியும் சாகாது. ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கலத்தில், அழுத்தத்தோடு, 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம் வைக்க வேண்டும். முறையான கிளினிக்கில் கருவிகள் மூடிய உறைக்குள் இருக்கும். வெப்பம் பட்டதற்கு அடையாளமாக உறையில் உள்ள கோடு நிறம் மாறியிருக்கும். உறையை உங்கள் எதிரில் பிரிக்கிறார்களா, ஊசி புதியதா, கையுறையை ஆளுக்கு ஆள் மாற்றுகிறார்களா என்று பாருங்கள். "ஆட்டோகிளேவ் இருக்குங்களா?" என்று கேட்டால் நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார், கூட்டிப்போய்க் காட்டுவார்.

பயத்தைக் குறைக்கும் மருத்துவம்

பலர் தள்ளிப்போடுவதற்குக் காசைப் போலவே பயமும் காரணம். அந்தப் பயத்துக்கு மருத்துவத்தில் பதில் உண்டு. ஊசி போடும் இடத்தில் முதலில் மரக்கச் செய்யும் களிம்பைத் தடவலாம். மருந்தை மெதுவாகச் செலுத்தினால் வலி வெகுவாகக் குறையும். மரத்துவிட்டதா என்று சோதித்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். "வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுகிறேன்" என்று சொல்லி, தூக்கியதும் நிறுத்துபவரிடம் பாதிப் பயம் போய்விடும். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிறும் பயமும் சேர்ந்தால் மயக்கம் வரலாம். ஊசி மரப்பு அடங்கும்வரை சில மணி நேரம் கன்னத்தைக் கடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியே அனுப்ப வேண்டும்.

பிள்ளைகளிடம் சொல்லி, காட்டி, பிறகு செய்வது என்ற முறையைப் பல் மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகப் பின்பற்றுகிறார்கள். கருவியின் பெயரைச் சொல்லி, விரல் நுனியில் அதைச் சுற்றிக் காட்டி, அதன் பிறகே வாய்க்குள் கொண்டுபோவார்கள். நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். "சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்று மிரட்டுவதை இன்றோடு விட்டுவிட வேண்டும். அந்த மிரட்டல் பிள்ளையின் மனத்தில் நாற்பது வயதுவரை இருக்கும்.

முதல் பால் பல் முளைத்த பிறகு, ஒரு வயதுக்குள், குழந்தையை ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. விழப்போகிற பல்தானே என்று பால் பல் சொத்தையை விடக் கூடாது. பின்னால் வரும் பல்லுக்கு அதுதான் இடம் பிடித்து வைத்திருக்கிறது. இன்னொன்றைப் பல பெற்றோர் அறிவதில்லை. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது பால் பல் இல்லை, ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல். அதன் பள்ளங்களைச் சொத்தை விழும் முன்பே பூசி மூடும் சிகிச்சை உண்டு.

இரண்டு நம்பிக்கைகள்

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று இன்றும் சொல்கிறார்கள். மேல் பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. உண்மை நேர்மாறானது. சீழ் பிடித்த மேல் பல்லை அப்படியே விட்டால்தான் தொற்று கண்ணைச் சுற்றிப் பரவும் ஆபத்து உண்டு.

பல் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பது இரண்டாவது. பல்லில் படிந்த காரை ஈறைத் தின்று, எலும்பைக் கரைத்து, அந்தப் பல்லைத் தானே முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்திருக்கும். காரையை எடுத்ததும் மறைந்திருந்த இடைவெளியும் ஆட்டமும் தெரியும். ஆட்டத்துக்குக் காரணம் சுத்தம் செய்தது இல்லை, அத்தனை நாள் செய்யாமல் விட்டதே. ஈறில் ரத்தம் வரும்போதே போனால் அந்த நிலை வராது.

கையில் காசு இல்லாதபோது

தனியார் கிளினிக் மட்டுமே வழி என்று எண்ண வேண்டாம். செய்யாறு, காஞ்சிபுரம் அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவில் முதலில் கேட்டுப் பாருங்கள். பெரிய சிகிச்சை என்றால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1953இல் தொடங்கிய அது எல்லாத் துறைகளும் ஒரே வளாகத்தில் உள்ள இடம். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளிக் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவாகவே இருக்கும். பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வதால் நேரம் மட்டும் கூடுதலாகப் பிடிக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியதற்கு மிகக் குறைந்த செலவுதான். ஃப்ளோரைடு உள்ள பேஸ்டில் காலையும் இரவும் துலக்க வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட், ஆறு வயது வரை பட்டாணி அளவு. இரவில் துலக்கிய பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். செங்கல் பொடி, சாம்பல், உப்பு ஆகியவற்றைக் கொண்டு அழுத்தித் தேய்ப்பது எனாமலைத் தேய்த்துவிடும். நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் பழக்கம் முன்பல் நுனியில் பள்ளம் விழச் செய்யும். பக்கத்திலேயே கத்தரி இருக்கட்டும்.

பாவு தீர்ந்து அடுத்த பாவு ஏற்றும்வரை எந்தத் தறிக்கும் சில நாள் ஓய்வு உண்டு. அடுத்த முறை அப்படி ஓய்வு கிடைக்கும்போது, வலி எதுவும் இல்லாவிட்டாலும், பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு ஒரு பல் மருத்துவரிடம் போய் உட்காருங்கள். அவர் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள், நீங்களும் கேளுங்கள். மனத்துக்குப் பிடித்திருந்தால் ஆண்டுக்கு ஒருமுறையாவது அவரிடமே போங்கள். அறுந்த இழையை அன்றே முடியும் நமக்கு, பல்லில் விழுந்த புள்ளியையும் அன்றே அடைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும்.