பழைய லேப்டாப்பைப் புதுப்பிப்பதா, புதிது வாங்குவதா?

மரக்காணம் வட்டாரத்தில் உப்பு மண்டியும் மளிகை மொத்தக் கடையும் நடத்தும் அன்பர்கள் பலர் நம்மிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். லாரி வாசலில் நிற்கிறது, லேப்டாப் திறக்கவே பத்து நிமிஷம் ஆகிறது, புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா என்பதே அது. கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கேட்டால் வாங்குங்கள் என்றுதான் சொல்வார். நாமும் வியாபாரிகள்தான், அதில் குறை காண்பதற்கில்லை. ஆனாலும் பணம் நம்முடையது.

முதலில் வரிக் கணக்கு. லேப்டாப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். சோப்பு, எண்ணெய் போன்ற வரியுள்ள சரக்கு விற்பவர்கள் இதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். உப்புக்கு வரி இல்லை. வரியில்லாச் சரக்கின் வியாபாரத்துக்காக வாங்கும் பொருளின் வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஆகவே ரூ.40,000 விலையுள்ள லேப்டாப்பின் மேல் விழும் ரூ.7,200 வரி, உப்பு மட்டும் விற்பவருக்குக் கைப்பணத்தில் போவது. இரண்டும் விற்பவர்கள் எவ்வளவு எடுக்கலாம் என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி, மெதுவாவது ஏன் என்று பார்ப்போம். ராம் என்பது கடையின் முன்பலகை. ஹார்டு டிஸ்க் என்பது பின்கட்டுக் கிடங்கு. முன்பலகை சிறிதாக இருந்தால் பையன் ஒவ்வொரு சாமானுக்கும் கிடங்குக்கு ஓட வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க் உள்ளே தட்டு சுழன்று, முள் நகர்ந்து தேடுவது. அதன் இடத்தில் எஸ்.எஸ்.டி. போட்டால் சுழல்வது எதுவும் இல்லை. தேடும் நேரம் ஏறக்குறைய மறைந்துவிடும். இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் அதே இடத்தில் அப்படியே பொருந்தும். நமது மண்டியின் லேப்டாப் 2019-ல் வாங்கியது, 4 ஜி.பி. ராம். 2024-ல் எஸ்.எஸ்.டி.யும் கூடுதலாக 8 ஜி.பி. ராமும் போட்டதில் கூலியோடு ரூ.5,600 ஆயிற்று. இப்போது திறந்து பில் போட ஒரு நிமிஷம் ஆவதில்லை. 2025 இறுதியில் ராம் விலை கடுமையாக ஏறிவிட்டதால் அந்தத் தொகையை அப்படியே நம்பிப் புறப்பட வேண்டாம். ராமுக்குக் காசு போதாவிட்டால் எஸ்.எஸ்.டி.யை மட்டுமாவது முதலில் மாற்றுங்கள். பலன் அதில்தான் அதிகம்.

வாங்குமுன் மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சில மெல்லிய மாடல்களில் ராம் பலகையோடு ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும், மாற்ற இயலாது. டி.டி.ஆர்.3 பொருந்தும் இடத்தில் டி.டி.ஆர்.4 நுழையாது. பேட்டரி உப்பி விசைப்பலகை மேலே எழும்பியிருந்தால் அன்றே உபயோகத்தை நிறுத்த வேண்டும். அது தீப்பிடிக்கக்கூடிய சமாச்சாரம். தேதி தானாகப் பின்னோக்கிப் போகிறதென்றால் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கலாம். சின்னச் செலவுதான், ஆனால் கவனியாமல் விட்டால் பில் தேதிகள் தவறிப்போகும், அரசு இணையதளமும் திறக்க மறுக்கும்.

எல்லா லேப்டாப்பும் புதுப்பிக்கத் தகுந்தவை அல்ல. விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 14-10-2025 அன்று முடிந்தன. அதன்பின் 13-10-2026 வரை என்று நாள் குறித்து ஒரு நீட்டிப்பை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11 ஏறுவதற்கு இன்டெல் சில்லு பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். ஐ5-8250 என்பது போல, கோட்டுக்கு அடுத்த எண் 8 என்று தொடங்கினால் எட்டாம் தலைமுறை. 6, 7 என்று இருந்தால் எஸ்.எஸ்.டி. போட்டு வேகம் வரலாம், காவல் வராது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அதற்கான திருத்தம் அந்த மார்ச்சிலேயே வந்துவிட்டது, ஏற்றாதவர்களே சிக்கினார்கள். பாக்கிக் கணக்கு முழுதும் உள்ளே இருக்கும் மண்டிக்கு இது சாதாரண விஷயமல்ல. அத்தகைய பழைய இயந்திரத்தை பாங்கு வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம். லினக்ஸ் ஏற்றினால் இலவசம், பாதுகாப்பும் உண்டு. ஆனால் டாலி விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டது, லினக்ஸில் நேரடியாக ஓடாது.

நம் கடற்கரைக்கென்று தனியாக ஒன்று உண்டு. சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால்தான் கசியும். மெக்னீசியம் குளோரைடு கலந்திருந்தால் 33 சதவீதத்திலேயே ஈரம் இழுக்கும். மட்டமான உப்பு மூட்டை மழைக்காலத்தில் சொட்டுவது ஏன் என்று நமக்குத் தெரியும். உப்பளக் காற்றில் வரும் அதே பொடி, விசிறி வழியாக லேப்டாப்புக்குள்ளும் போய்ப் படிகிறது. ஈரம் பட்டால் அதில் மின்சாரம் பாய்ந்து செம்புக் கோடுகள் பச்சை பூத்து அரித்துப் போகும். எனவே கிடங்கிலோ ஜன்னலோரத்திலோ வைக்க வேண்டாம். ஆண்டுக்கொருமுறை, ஐப்பசி மழைக்கு முன், திறந்து தூரிகையால் தட்டி ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்கச் செய்யுங்கள். புதுப்பிக்கத் திறக்கும்போது பலகையில் பச்சைப் பூஞ்சை போலப் பரவலாகத் தெரிந்தால் அதற்குமேல் அதில் காசு போடுவது வீண். புதிது வாங்குவதே சரி.

வேலைக்குக் கொடுக்குமுன் டாலி கணக்கை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டில் வைக்கவும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் ஆண்டு ரிட்டர்ன் கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கழற்றிய ஹார்டு டிஸ்க்கை மெக்கானிக்கிடமே விட்டுவிட்டு வருவது நம்மவர்களிடம் ஒரு பழக்கம். அதில் உங்கள் வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் பாக்கியும் இருக்கிறது. சில நூறு ரூபாய்க்கு அதற்கு ஒரு வெளிப்பெட்டி கிடைக்கும். கையோடு வாங்கிப் போட்டு, மாதம் ஒருமுறை பிரதி எடுக்க உபயோகிக்கலாம்.