குளிரில் ஆறாத வால்

மார்கழி, தை மாதங்களில் கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் விடியற்காலையில் போர்வையை விலக்கவே மனம் வராது. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்தில் குளிர் அப்படி. நமக்கு உடம்புக்குள்ளேயே ஓர் அடுப்பு எரிகிறது. பல்லி இனத்துக்கு அது கிடையாது. வெயிலும் சூடேறிய பாறையும் தரும் வெப்பத்தில்தான் அதன் செரிமானமும், நோயை எதிர்க்கும் சக்தியும், புண் ஆறுவதும் நடக்கின்றன. கீழே நாமக்கல்லில் இரண்டு வாரத்தில் மூடிவிடும் வால் காயம், மலைமேல் ஒரு கூண்டுக்குள் மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கலாம். வளர்ப்பவர்கள் மருந்தைத் தேடி அலைகிறார்கள். கூண்டின் சூட்டை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

முறிந்ததா, நசுங்கியதா?

வால் போய்விட்டது என்று பதறுவதற்கு முன்னால் எப்படிப் போனது என்று பாருங்கள். வீட்டுப் பல்லி, அரணை, பலர் வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோ ஆகியவற்றின் வால் எலும்புகளுக்குள்ளேயே முறிவதற்கென்று ஒரு கோடு இருக்கிறது. பூனை கவ்வினாலோ, நாம் வாலைப் பிடித்துத் தூக்கினாலோ தசை தானே இறுகி அந்தக் கோட்டில் வாலைக் கழற்றிவிடும். இரத்தக்குழாய்களும் சுருங்கிக்கொள்வதால் இரத்தம் அதிகம் வராது. இது காயம் என்பதைவிட உயிர் தப்பும் வழி. சில வாரங்களில் புது வால் துளிர்க்கும். உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்பு. நிறமும் செதிலும் பழைய வாலைப்போல் இருக்காது.

கதவிடுக்கில் நசுங்கிய வால், நாய் கடித்த வால், சூடேற்றும் கல்லில் வெந்த வால் வேறு கணக்கு. அங்கே இறந்த சதை ஒட்டிக்கொண்டிருக்கும். கிருமிக்கு அது விருந்து. பியர்டட் டிராகன், ஓணான், பச்சோந்தி, உடும்பு ஆகியவற்றுக்கு இழந்த வால் திரும்ப முளைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். இக்குவானாவின் வால் இளவயதில் வளரும். வயது ஏற ஏற வளர்வது அரிது.

முதல் நாள்

இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, அந்த நீரால் கழுவலாம். போவிடோன் அயோடின் இருந்தால், பால் கலக்காத நீர்த்த தேநீரின் நிறம் வரும்வரை தண்ணீர் விட்டு நீர்க்கச்செய்து தடவுங்கள். ஃபீனால் கலந்த கிருமிநாசினிகளும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டவே வேண்டாம். புதிதாக வளரும் திசுவையே அவை கருக்கிவிடும். மஞ்சளைக் குழைத்து அப்புவது நம் கைப்பழக்கம்தான். ஆனால் அந்தப் பசை காய்ந்து, கீழே சீழ் பிடிப்பது தெரியாமல் மறைத்துவிடும்.

மணல், தேங்காய் நார் எல்லாவற்றையும் கூண்டிலிருந்து எடுத்துவிட்டு வெறும் டிஷ்யூ பேப்பரை விரியுங்கள். தினமும் மாற்றுங்கள். தின்னாமல் விட்ட வெட்டுக்கிளியையும் சில்வண்டையும் இரவில் உள்ளே விடக்கூடாது. அவை புண்ணையே கடிக்கும். லெப்பர்ட் கெக்கோவின் வால் அதன் கொழுப்புக் கிடங்கு. அதை இழந்த பிராணிக்கு வழக்கத்தைவிடச் சத்தான தீனி தேவை.

பிறகு சூடு. லெப்பர்ட் கெக்கோவுக்குக் கூண்டின் ஒரு பக்கம் சுமார் 32 டிகிரி செல்சியஸ் வேண்டும். பியர்டட் டிராகன் வெயில் காயும் இடம் 40 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். மற்றப் பக்கம் குளிர்ச்சியாக இருந்தால் எங்கே இருப்பது என்பதை அதுவே தேர்ந்துகொள்ளும். மின்சாரம் போன நேரத்தில் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஓரத்தில் வைக்கலாம். நோய்ப்பட்ட பிராணி குளிர்ந்து கிடந்தால், ஊசி மருந்துகூட உடம்பில் சரியாகப் பரவாது.

நுனி கறுத்தால்

தோல் உரிக்கும்போது வால் நுனியில் ஒரு வளையம் மட்டும் உரியாமல் தங்கிவிடுவதுண்டு. அது காயக் காய இறுகி, இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். நுனி முதலில் நிறம் மாறும், பின் கறுத்துச் சுருங்கும். தொடக்கத்திலேயே கண்டால் இளஞ்சூட்டு நீரில் கால் மணி நேரம் வைத்து, ஈரப் பஞ்சால் மெல்லத் தேய்த்து எடுக்கலாம். இழுத்துப் பிய்க்காதீர்கள். கறுப்பு மேலேறத் தொடங்கிவிட்டால் காத்திருக்க நேரமில்லை. நல்ல சதை தெரியும் இடத்தில் மருத்துவர் வாலை வெட்டி எடுத்தால்தான் உயிர் பிழைக்கும். வால் வளரும் இனமென்றால் தையல் போடாமல் விடுவது வழக்கம். வளராத இனத்துக்குத் தைத்து மூடுவார்கள்.

கெட்டிச் சீழ்

கோழி வளர்ப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். கோழியின் உள்ளங்காலில் வரும் கட்டியைக் கீறினால் சீழ் வழியாது. பன்னீர்க்கட்டிபோல உருண்டையாக வரும். பல்லி இனத்திலும் அப்படியே. நம் வெள்ளணுக்களில் சீழை இளக்கும் ஒரு நொதி, பறவை, ஊர்வன இரண்டின் வெள்ளணுக்களிலும் இல்லை. அதனால் வாலில் வீங்கிய கட்டி தானாகப் பழுத்து உடையும் என்று காத்திருப்பது வீண். மருத்துவர் திறந்து, அந்த உருண்டையை முழுதாக எடுத்தாக வேண்டும். மாத்திரை மட்டும் போதாது. ஊசியும் உடலின் முன்பாதியில்தான் போடுவார்கள். பின்பாதியில் போட்டால் மருந்தின் ஒரு பகுதி நேரே சிறுநீரகத்துக்குப் போய்விட வாய்ப்புண்டு.

எழுபது வளைவு இறங்க

நாமக்கல்லில் 1985-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புறப்படும் முன் ஊர்வன பார்க்கும் மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காற்று போகத் துளையிட்ட பெட்டியில் துணி விரித்து, சுற்றிய வெந்நீர் பாட்டில் ஒன்றை ஓரத்தில் கட்டி வையுங்கள். மலைப்பாதையின் எழுபது வளைவுகளில் அது உருண்டு பிராணிமேல் விழக்கூடாது. ஜீப்பில் ஜன்னல் காற்று படாமல் மடியில் வைத்து இறங்குவது நல்லது. பிராணியைத் தொட்டபின் கையைச் சோப்பால் கழுவுங்கள். ஊர்வனவற்றின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். கூண்டைச் சமையலறையில் கழுவாதீர்கள்.

மிளகுக் கொடிக்கடியில் உடும்பு

இக்குவானா போன்ற அயல்நாட்டு இனங்களை வளர்ப்பவர்கள் மத்திய அரசின் 2024 விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். உடும்பின் நிலை வேறு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. அடிபட்ட உடும்பை வீட்டுக்குக் கொண்டுவந்து மருந்து போடுவதும் குற்றமாகலாம். தோட்டத்தில் களை வெட்டும்போது அரிவாள் பட்டோ, வண்டி ஏறியோ வால் சிதைந்த உடும்பைக் கண்டால் அருகே போகாதீர்கள். அதன் கடியும் நகமும் கடுமையானவை. மிஞ்சிய வாலையும் சாட்டைபோல் வீசும். நாய்களைக் கட்டிவிட்டு, இடத்தை அடையாளம் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். இழந்த வால் அதற்கு வளராது. திரும்பக் காட்டில் விடலாமா என்பதை அவர்களும் மருத்துவரும் பார்த்துச் சொல்வார்கள்.